சரிங்கவைத் திருப்பிப் போட்டால்

என் வீட்டுக்காரருக்கு அவரைப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருக்கே பாதி நாள் ஞாபகம் இருக்காது. ஊருக்கு அவர் ‘சரிங்க’. சரிங்க வீடு எது என்று கேட்டால் நடை பழகுகிற பிள்ளைகூடக் கை காட்டும். நான் சரிங்க பெண்டாட்டி.

அவர் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி அந்த ஒரு சொல்தான். மீதி இருமல். கல்யாணத்துக்கு முன்னால், “பொண்ணு பிடிச்சிருக்காப்பா?” என்று அவருடைய மாமா கேட்டாராம். “சரிங்க” என்றாராம். பிடித்திருக்கிறது என்று சொன்னாரா, மாமா பேச்சை முடித்துவிட்டுப் போனால் போதும் என்று சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய்த்தது வாயில்லாப் பூச்சி. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன். ஊரில் என்னை வாயாடி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்களுக்குத் தொழில் செங்கல் அறுப்பது. மழை விட்டதும் குடும்பத்தோடு சூளைக்குப் போனால், அடுத்த மழைக்குத்தான் வீடு. நான் மண் குழைத்துக் கொடுப்பேன். மணல் தூவிய அச்சில் அவர் ஓங்கி அடிக்கிற அடியில் மூலைமுடுக்கெல்லாம் மண் போய் உட்காரும். கவிழ்த்தால் பச்சைக்கல், விளிம்பு பிசகாமல் நிற்கும். அது ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும். அந்த வேலை பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் கால் பட்டால் ஈரக்கல் நசுங்கிவிடும், பிள்ளைகள் என்றால் கனம் இல்லை பாருங்கள் என்பார் சூளை முதலாளி. பிள்ளைகளுக்கு ஏன் கனம் இல்லை என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

இதில் அடிபட்டது என் மூத்தவள். ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடத்துப் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டி டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்களோடு வருவாள். திரும்பி வரும்போது பரீட்சை முடிந்திருக்கும். சின்ன வகுப்பில் வந்தாலும் வராவிட்டாலும் மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். பெரிய வகுப்பில் அது நடக்காது. அதே வகுப்பில் மறுபடியும், மறுபடியும் உட்கார்ந்தாள். இந்த வருஷம் அவளும் அவள் தங்கையும் ஒரே வகுப்பு. சின்னவள் முதல் பெஞ்சிலிருந்து திரும்பித் திரும்பி “அக்கா, பென்சில் குடு” என்று கேட்பாளாம். வகுப்பே சிரிக்குமாம். மூத்தவள் வீட்டுக்கு வந்து அதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் சிரிப்பதைப் பார்க்க மாட்டாமல் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தலைமை டீச்சர் என்னைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். “இந்த வருஷமும் பாதியில கூட்டிட்டுப் போனீங்கன்னா அடுத்த வருஷம் சேர்த்துக்க முடியாதும்மா. வயசு தாண்டிடும். பரீட்சை வரைக்கும் பொண்ணை இருக்க விடுங்க.”

என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டியது மேஸ்திரியிடம். சூளைக்கு ஆள் பிடிப்பவர் அவர்தான். மழைக்காலத்தில் எங்களுக்கு வேலை இருக்காது, கடையில் கடன் சொல்லித் தின்போம். மழை விட்டதும் மேஸ்திரி பைக்கில் வந்து முன்பணத்தை இவர் உள்ளங்கையில் வைப்பார். பணம் கடைக்குப் போகும், நாங்கள் சூளைக்குப் போவோம். பழைய குருடி கதவைத் திறடி. அவருடைய முதல் போணி எப்போதும் எங்கள் வீடுதான். “உன் கையில வச்சா ஊரே கிளம்பிடும்பா” என்பார்.

போன வருஷம் நான் குறுக்கே விழுந்தேன். “பொண்ணு படிக்கணும், நாங்க வரலை” என்றேன். மேஸ்திரி என் பக்கம் திரும்பவே இல்லை. இவரைப் பார்த்து, “அப்படியாப்பா? அப்ப விடு, வேற ஆளப் பாத்துக்கறேன்” என்று பைக்கை உதைத்தார். அவ்வளவுதான். இவர் செருப்புகூடப் போடாமல், “ஐயா, வரேங்க, வரேங்க” என்று பைக்குக்குப் பின்னால் ஓடினார். மேஸ்திரி தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் ஓட்டினார். இவர் ஓடி வருவார் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வருஷம் மழை தொடங்குகிற சமயத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையில் குடையும் போனுமாக ஊருக்குள் வந்தாள். அவள் வந்த செய்தி அவளுக்கு முன்னால் வந்துவிட்டது, எங்கள் பக்கத்து வீட்டு ரேடியோ அக்கா வழியாக. அந்த ரேடியோவை நிறுத்த பட்டன் கிடையாது.

“ஏதோ தொண்டு நிறுவனமாம், இல்லாதப்பட்ட வீட்டுக்கெல்லாம் பணம் குடுக்கறாங்களாம்டி! சும்மாவாம். திருப்பித் தர வேணாமாம். எதுக்கு செலவு பண்ணேன்னு ஒரு கேள்வி கிடையாதாம். யாராவது நம்புவாங்களா? கையெழுத்தை வாங்கிக்கிட்டு கிட்னிய எடுத்துட்டுப் போயிடுவாங்க, பாத்துக்கோ.”

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எங்கள் ஊர் பல்லையும் பார்த்தது, வாலைத் தூக்கியும் பார்த்தது. ஒவ்வொரு வீடாக அந்தப் பெண் போனாள். ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டில் சாத்தக் கதவு இல்லை, ஒரு சாக்குதான் தொங்கியது. நான் விறகு பொறுக்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் இவர் கையெழுத்துப் போட்டு எல்லாம் முடிந்துவிட்டது.

“அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?” என்று கேட்டேன்.

“முழுசா கேக்கலை.”

“கேக்காமலே சரிங்கன்னுட்டீங்களா? நாளைக்கு வந்து கிட்னி குடுன்னா?”

இடுப்பைத் தடவிப் பார்த்தார். “ரெண்டு இருக்குல்ல” என்றார்.

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? முட்டிக்கொள்ளச் சுவரும் இல்லை, எங்களுடையது தட்டி.

ஆனால் பணம் வந்தது. கீறல் விழுந்த எங்கள் போன் ஒரு சத்தம் போட்டது, மூத்தவள் வாசித்தாள், திரும்ப வாசித்தாள், பிறகு போனைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். டவுன் பேங்குக்குப் போய்க் கையில் வாங்கும்வரை எனக்கும் நம்பிக்கை இல்லை. ரேடியோ அக்கா தினமும் வந்து இவர் இடுப்பை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு வாரம் பார்த்தாள். இரண்டு கிட்னியும் உள்ளேயே இருக்கிறது என்று தெரிந்ததும் ஒலிபரப்பு மாறிவிட்டது. கண்ணாடிப் பெண் அடுத்த தடவை வந்தபோது ஊரே எங்கள் வாசலில் நின்றது, ரேடியோ அக்கா முதல் ஆளாக.

அதுவரைக்கும் இவருடைய ‘சரிங்க’வால் இந்த வீட்டுக்கு ஒரு நல்லது நடந்து நான் பார்த்ததில்லை. நியாயமாகப் பார்த்தால் பாராட்ட வேண்டும். பாராட்டினால் தலைக்கு ஏறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பணம் வந்தால் மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் மாறியது சத்தம். கூரைக்குத் தகரம் போட்டோம். மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. நான் கத்திப் பேசினேன். எப்போதும் அப்படித்தானே பேசுகிறாய் என்றாள் சின்னவள். கடையில் சாமான் வாங்கும்போது, “எழுதிக்கோங்க” என்று சொல்லப் போய், நாக்கைக் கடித்துக்கொண்டு காசை எடுத்து வைத்தேன். கடைக்காரர் என்னை ‘வாங்கம்மா’ என்றார். அத்தனை வருஷமாக ‘என்ன?’ என்றுதான் கேட்பார். பிள்ளைகள் தினமும் முட்டை தின்றார்கள். எனக்கு ஒரு முட்டையை யாரோடும் பங்கு போடாமல் தின்ன வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. தின்றேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை, இவருக்கு வைத்துவிட்டேன். பழக்கம்.

இவரிடம் பணத்தைக் கொடுத்து அனுப்பும் தப்பை ஒரே ஒரு தடவைதான் செய்தேன். ஆணி வாங்கப் போனவர் ஒரு கிளிக்கூண்டோடு வந்தார். கிளி இல்லை.

“விக்கறவரு ‘எடுத்துக்கோங்க அண்ணே’ன்னாரு” என்றார்.

“நீங்க சரிங்கன்னீங்க.”

“அவரு பாவம், மழையில நின்னாரு.”

அதில் ஒரு கோழிக்குஞ்சை விட்டோம். அது கூண்டுக்குள் கிளி மாதிரி கம்பியில் உட்காரப் பார்த்து தினமும் விழுந்தது.

ஆனால் ஒரு நாள் அவரே வாய் திறந்து ஒன்று கேட்டார். தகரத்தின்மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. “என்ன?” என்று இரைந்தேன். “ஒரு அச்சு வேணும்” என்றார். “எனக்குன்னு.”

கல்யாணமான நாளிலிருந்து இவர் தனக்கென்று ஒன்று கேட்டு நான் கேட்டதில்லை. சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், “அதுக்கு எதுக்கு இப்படிப் பம்மறீங்க, போய்ச் செய்யச் சொல்லுங்க” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கணக்கு சரிதான். ஊரில் எல்லாருக்கும் பணம் வந்திருக்கிறது. தட்டியை எடுத்துவிட்டுச் சுவர் வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. கல்லுக்கு டவுனுக்குப் போனால் வண்டி வாடகையே கல் விலையை விழுங்கிவிடும். ஊரிலேயே நல்ல களிமண் கிடக்கிறது, சுட விறகு கிடைக்கும், அறுக்க இவர் கை இருக்கிறது. முதல் சுவருக்கு ரேடியோ அக்காவே கல் சொல்லிவிட்டாள்.

அச்சு செய்யத் தச்சரிடம் போனார். சூளை அச்சின் அடியில் முதலாளி பெயர் செதுக்கியிருக்கும், கல்லுக்குக் கல் அது பதியும். இத்தனை வருஷம் இவர் அடுத்தவர் பெயரைத்தான் அறுத்துப் போட்டிருக்கிறார். தச்சர் அதை நினைத்து, “உன் அச்சுல என்ன பேரு போடட்டும்? நல்லதா ஒண்ணு சொல்லு” என்று கேட்டிருக்கிறார்.

“சரிங்க” என்றிருக்கிறார் இவர்.

தச்சரும் அதையே செதுக்கிவிட்டார். அதையும் கதவில் பெயர் செதுக்குகிற மாதிரி நேராகவே செதுக்கிவிட்டார். அச்சில் நேராக இருந்தால் கல்லில் இடம் வலமாகத்தானே விழும்? முதல் கல்லைக் கவிழ்த்ததும் குடும்பமே குனிந்து பார்த்தோம். ஏதோ வேற்று தேசத்து எழுத்து மாதிரி இருந்தது. மூத்தவள் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து பிடித்தாள்.

“சரிங்கவைத் திருப்பிப் போட்டிருக்காங்கப்பா!”

“திருப்பிப் போட்டா என்ன அர்த்தம்?” என்றாள் சின்னவள்.

“முடியாதுன்னு அர்த்தம்” என்றேன், இவரை ஓரக்கண்ணால் பார்த்து. “கல்லு சொல்லுது. மனுஷனுக்குத்தான் வர மாட்டேங்குது.”

மழை குறையக் குறைய எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடன் இல்லை, முன்பணம் தேவையில்லை, உள்ளூரிலேயே வேலை இருக்கிறது. எல்லாம் இருந்து என்ன? மேஸ்திரி வந்து நின்றால் இவர் வாய் ‘சரிங்க’ என்றுதான் சொல்லும். அதோடு என் மகளின் படிப்பு முடிந்தது. என் பேச்சை மேஸ்திரி மதிக்க மாட்டார். வார்த்தை இவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

அதனால் ஒத்திகை வைத்தோம். சின்னவள் கரியால் மீசை வரைந்துகொண்டு, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, “என்னப்பா, கிளம்பலாமா?” என்று அதட்டினாள்.

“சரிங்க” என்றார்.

“அப்பா! நான்தான்ப்பா!”

“தெரியுது. அந்த மீசையைப் பாத்ததும் வந்துடுச்சு.”

‘முடியாதுங்க’ நாக்கில் ஏறவே இல்லை. ‘மு’ வரைக்கும் வந்து இருமலாகிவிட்டது. மூத்தவள்தான் வழி கண்டுபிடித்தாள். “முடியாதுன்னு சொல்ல வேணாம்ப்பா. ‘யோசிச்சுச் சொல்றேங்க’ன்னு சொல்லு. பெரிய மனுஷங்க எல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க.” அதை அவர் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தார். கோழிக்குஞ்சிடம் சொன்னார். கோழிக்குஞ்சிடம் நன்றாகவே வந்தது.

ஒரு நாள் பிள்ளைகள் இல்லாதபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்படி என்னங்க பயம் உங்களுக்கு?”

மண்ணைப் பிசைந்தபடியே சொன்னார். “முடியாதுன்னா அடுத்த வேளை சாப்பாடு எங்கன்னு வயிறு கேக்கும்ல? அது கேக்கறதுக்கு முன்னாடி வாய் முந்திக்கும். சின்ன வயசுலருந்து அப்படியே பழகிடுச்சு.”

அதற்கு மேல் நான் திட்டவில்லை. குடத்தை எடுத்து அவர் பிசைகிற மண்ணில் தண்ணீர் ஊற்றினேன்.

மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் பைக் சத்தம் கேட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வாசலெல்லாம் பச்சைக்கல் காய்ந்தது. பிள்ளைகள் கால் வேண்டாம் என்று இவர் கல் வரிசைக்கு மேலே பலகை போட்டு, அதில் குத்துக்காலிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் மூத்தவள் உள்ளே போனாள். எட்டிப் பார்த்தேன். புத்தகங்களை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒத்திகை நடத்தியவளே நம்பவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கே வரவில்லை.

மேஸ்திரி இறங்கினார். தகரத்தைப் பார்த்தார், கூண்டுக்குள் கம்பியிலிருந்து விழுந்த கோழிக்குஞ்சைப் பார்த்தார், ஒரு பச்சைக்கல்லில் இருந்த எழுத்தைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “இது எந்த ஊரு எழுத்துப்பா?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் பணத்தை எடுத்தார்.

“சரி, கிளம்பலாமா?”

“ச…” என்று இவர் வாய் திறந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. ‘யோசிச்சு’ம் வரவில்லை, ‘சரிங்க’வும் வரவில்லை. பழக்கதோஷத்தில் கை மட்டும் நீண்டது. கை முழுக்கக் களிமண். மேஸ்திரி பணத்தை வைக்கப் போய்ப் பின்வாங்கினார்.

“கையைக் கழுவிட்டு வா.”

இவர் கையைப் பார்த்தார். அசையவில்லை.

மேஸ்திரிக்கு முகம் கறுத்தது. “ஓகோ. காசு வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டேன். அது எத்தனை நாளைக்குப்பா? குடுத்தவங்க போயிடுவாங்க. வருஷா வருஷம் வர்றது நான்தான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.” ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். மேஸ்திரி கடைசியாகத் தன் பழைய ஆயுதத்தை எடுத்தார். “அப்ப விடு. வேற ஆளப் பாத்துக்கறேன்.”

“சரிங்க” என்றார் இவர்.

மேஸ்திரி காதில் அது விழுந்தது, உள்ளே போகவில்லை. “என்ன சரிங்க? நிஜமாத்தான் சொல்றேன். வேற ஆளப் பாத்துடுவேன்.”

“சரிங்க.”

“அப்புறம் வந்து கெஞ்சக் கூடாது.”

“சரிங்க.”

“அடுத்த வருஷமும் கூப்பிட மாட்டேன்!”

“சரிங்க.”

வேலிக்கு அந்தப் பக்கம் ரேடியோ அக்கா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி பைக்கை உதைத்தார். தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் ஓட்டினார். இவர் கால் ஒன்று பலகையிலிருந்து கீழே இறங்கியது. பழகின கால். இறங்கின கால் அங்கேயே நின்றது. இவர் குனிந்து அடுத்த கல்லைத் திருப்பிப் போட்டார். தெருமுனையில் பைக் கொஞ்சம் நின்று, பிறகு போய்விட்டது.

“போயிட்டாரா?” என்று தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“போயிட்டார்.”

அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். சின்னவள் ஓடிப்போய் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

மூத்தவள் வாசலில் புத்தகக் கட்டோடு நின்றாள். சிரிக்கவில்லை, அழவில்லை. கயிற்று முடிச்சை நகத்தால் பிரித்துப் பார்த்தாள், வரவில்லை. இறுக்கிப் போட்டிருக்கிறாள். நேராக அவரிடம் போய்க் கட்டை நீட்டினாள்.

“அப்பா, முடிச்சு இறுகிடுச்சு. அவுத்துக் குடுப்பா.”

அவர் கட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் மீசை லேசாக அசைந்தது.

“யோசிச்சுச் சொல்றேங்க” என்றார்.

சொல்லிக்கொண்டே களிமண் கையால் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். “ஐயோ, புத்தகம்! முதல்ல கையைக் கழுவுங்க!” என்று கத்தினேன். கத்தலாகத்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.